பதினோராம் புள்ளி

ஏசுபாதம் கடலில் கால் நனைத்ததோடு சரி, படகேறிப் போனவரல்லர். ஆயினும், சென்னையிலிருந்து வடக்கே நூற்றைம்பது மைல் தொலைவு வரை, எந்த இடத்தில் எத்தனை மீட்டர் ஆழம் என்று கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடியவராயிருந்தார். அவருடைய பிழைப்பு அப்படிப்பட்டது. கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து ரயிலில் தாம்பரம் போய், ஏற்றுமதி வளாகத்தின் இரண்டாம் மாடியில் குளிரூட்டிய அறையொன்றில் நாள்தோறும் எட்டு மணி நேரம் கடலைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார்.

வேலை இதுதான். கப்பற்காரர்கள் பயன்படுத்தும் காகிதப் படத்தைச் சாய்வு மேசையின்மேல் ஒட்டிவிடுவார்கள். குறுக்குக் கம்பி பொருத்திய சிறு வில்லை ஒன்றைக் கையால் நகர்த்தி, கரையோரக் கோடு, பாறை, மணற்றிட்டு, மிதவை, ஆழத்தைக் குறிக்கும் எண்கள் ஆகிய ஒவ்வொன்றின்மேலும் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்க வேண்டும். சொடுக்கியது கணிப்பொறிக்குள் போய்ச் சேரும். ஒரு படத்துக்கு ஐயாயிரம் சொடுக்கு, ஆறாயிரம் சொடுக்கு. முடிந்த படங்களை வெளிநாட்டுக் கம்பெனியொன்று வாங்கிக்கொண்டது. நில அளவைத் துறையில் இருபது ஆண்டுகள் படம் வரைந்துவிட்டு வந்த ஏசுபாதம், அந்த அறையில் இருந்த பதினான்கு பேரிலும் கைசுத்தமானவர் என்று பெயரெடுத்திருந்தார்.

எல்லாம் முடிந்தபின் செய்யவேண்டிய காரியம் ஒன்று பாக்கியிருக்கும். பழைய காகிதப் படங்கள், பரங்கிமலையில் தொடங்கிய வெள்ளைக்காரர் காலத்து அளவைக் கணக்கைத் தழுவியவை. செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் புதுக் கருவியோ பூமியை வேறொரு கணக்கில் அளக்கிறது. இந்தக் கரையில் இரண்டுக்கும் இடையே இருநூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு. ஆகவே, முடிந்த படத்தை மொத்தமாக மேற்கே தள்ளிவைக்க வேண்டும். அதை ஆளுக்கு ஆள் செய்தால் ஒரே படம் இருமுறை தள்ளப்பட்டுவிடும் என்பதால், தரம் பார்க்கும் அதிகாரியான தோத்தாத்ரி ஒருவரே, வெள்ளிக்கிழமை மாலைதோறும் அந்த வாரத்துப் படங்களை எல்லாம் வரிசையாக நகர்த்திவைப்பார். சனிக்கிழமை காலையில் இருக்கும் படம் நகர்த்தப்பட்ட படம். அது அந்த அறையின் வழக்கம், எழுதிவைத்த விதியன்று.

ஏசுபாதத்தின் ஒரே தங்கை பேபியை மணந்தவன் சவுரிமுத்து. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக்காரன்; பேபியோடு பல்லாவரத்தில் குடியிருந்தான். இராயபுரத்தில் சேட்டு என்று எல்லாரும் அழைக்கும் முதலாளியின் சரக்குப் படகில் ஸ்ராங்காக, அதாவது படகை நடத்திச் செல்லும் தலைவனாக இருந்தான். சென்னையில் ஏற்றிய சாமான்களை வடக்கே ஆந்திரக் கரையிலிருந்த ஒரு சிறு துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். நல்ல தொழிற்காரன், ஆனால் குடிப்பவன். தொண்ணூற்றாறு கார்த்திகையில் மகள் கிருபாவின் தலையில் கைவைத்துக் குடியை விட்டான். விட்டது உண்மை என்பதை ஏசுபாதம் நம்பினார், பேபி நம்பவில்லை.

சேட்டு எங்கேயோ மலிவாக ஒரு பழைய லேப்டாப்பையும் செயற்கைக்கோள் கருவியையும் வாங்கிப் படகில் பொருத்தியபோது, அதில் போடுவதற்குப் படம் இல்லை. ஏசுபாதம் கம்பெனியிலிருந்து ஃபிளாப்பியில் பிரதியெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது திருட்டு என்பது அவருக்குத் தெரியும். ஆணி ஒன்றைக்கூட அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர், தங்கை புருஷன் இருட்டில் கடலில் போகிறான் என்பதற்காக அதைச் செய்தார். நான்கு மாதங்கள் அந்தப் படங்களை வைத்துப் படகு போய்வந்தது. திரையில் படகு நகரும் இடமும் கடலில் படகு நகரும் இடமும் ஒரு மயிரிழை பிசகவில்லை என்று சவுரிமுத்து கண்ட இடத்திலெல்லாம் பெருமையடித்துக்கொண்டான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து ஏசுபாதம் வீடு திரும்பியபோது, சவுரிமுத்து லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்துவைத்துக் காத்திருந்தான். பேபி உள்ளே அண்ணி தபீதாளோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மச்சான், மத்ததெல்லாம் சோக்கா கீது. இந்த வடக்குத் தொறமொக வாயாண்ட வந்தாத்தான் பேஜார். பெருசு பண்ணா ஒண்ணியும் தெரியல, கலங்கின தண்ணியாட்டம் கீது."

"அதுக்குத் தனிப்படம் இருக்கு. இந்த வாரம்தான் முடிச்சோம். காலையில எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார் ஏசுபாதம்.

"அப்பிடிப் போடு! எப்பவும் வெளிய நங்கூரம் போட்டுகினு, விடியற வரைக்கும் கொட்டாவி வுட்டுகினு கெடப்பேன். விடியறதுக்குள்ள ஏறின வெள்ளம் வத்திடும். அப்பால சாயங்காலம்தான் உள்ள போவ முடியும். ஒரு நாள் காலி. இந்த வாட்டி இருட்டோட உள்ள பூந்துட்டேன்னு வையி, பெரிய வெள்ளிக்கு வூட்ல இருப்பேன். ஆறு வருசமா சிலுவப் பாதைக்கு நான் இருந்ததே இல்ல. உன் தங்கச்சி அதச் சொல்லிச் சொல்லியே சாவடிக்கிறா."

"ஆமா, இருந்து கிழிச்சே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தப் பொட்டியப் பாத்துகினு இருக்கற நேரத்துக்கு என் மூஞ்சியப் பாத்திருந்தா உருப்பட்டிருப்பே."

"உன் மூஞ்சில ஆழம் எழுதலியே பேபி! எங்க தட்டும்னு எப்பிடித் தெரியும் எனக்கு?"

தபீதாள் சிரித்த சிரிப்பில் கீரை தரையில் சிதறியது. ஏசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை. வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சென்னைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். படகு இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போய், அங்கே திரும்பி, அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். மொத்தம் பதினொன்று. எட்டு வரையில் திறந்த கடல். கடைசி மூன்றும் தனிப்படத்தின்மேல் வைக்கவேண்டியவை.

"விளையாடாம இங்க பாரு, சவுரி. இது முழுகின கப்பல். மேல மூணு மீட்டர் தண்ணிதான். அதுக்கு மேல கட்டியிருந்த மிதவை புயல்ல அறுந்துபோச்சுன்னு அறிவிப்பு வந்திருக்கு. கரைப்பக்கம் மணற்றிட்டு, அங்கயும் ஒதுங்க முடியாது. அதனால கப்பலுக்கு மேற்கே இருநூறு மீட்டர் விட்டுப் பத்தாம் புள்ளி வைக்கிறேன். கருவி நூறு மீட்டர் முன்னப்பின்னக் காட்டும். அதுக்கும் சேர்த்துத்தான் இருநூறு. பதினோராம் புள்ளி துறைமுகத்துக்குள்ள. அங்க போயிட்டா அப்புறம் உன் பாடு."

"நீ போட்டா சரி மச்சான். தண்டவாளத்து மேல போற மாதிரி போய்க்கினே இருப்பேன்."

மறுநாள் குருத்தோலைப் பவனி முடிந்து, பூசை முடிந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் கிளம்பினான். வாசலில் நின்ற பேபி, பத்தாண்டுப் பழக்கத்தில், "போற எடத்துல குடிச்சிட்டு எதுலனா முட்டிக்காதே" என்றாள்.

"தொட்டு நாலு மாசம் ஆவுதுடி. உன் வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்று சொல்லிக்கொண்டே அவன் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. தோத்தாத்ரி நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு ஏசுபாதத்தின் மேசையருகே வந்து நின்றார்.

"இன்னிக்கு நாழி ஆனாலும் இருந்து முடிச்சுடணும், சார். வெள்ளிக்கிழமை வேலை அப்படியே கிடக்கு. திருநீர்மலையில உற்சவம் இல்லையா? மூணு மணிக்கே கிளம்பிட்டேன். ஏழு படம் இன்னும் நகர்த்தலை."

ஏசுபாதத்தின் கையிலிருந்த வில்லை ஆழ எண் ஒன்றின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"துறைமுகத் தனிப்படமும் அதுலதானா?"

"அதுதான் முதல்ல இருக்கு. என்ன சார், உங்களுக்கு இப்படி வேர்க்கறது? ஏசி ஓடிண்டுதானே இருக்கு?"

ஏசுபாதம் எழுந்தார். படியிறங்கினார். வளாகத்தின் பெருங்கதவைக் கடந்து, எதிர்ச்சாரியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், யாரோ இறந்துவிட்டதாக நினைத்து வழிவிட்டார்கள். ஓடும்போதே அவருடைய மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எட்டுப் புள்ளிகளும் சரியான இடத்தில் இருந்தன. திரையில் படத்தைப் பெரிதாக்கியவுடன் பொறி தானாகவே தனிப்படத்துக்கு மாறிக்கொள்ளும். தனிப்படமோ நகர்த்தப்படாதது. அதில் முழுகின கப்பல், தான் உண்மையில் கிடக்கும் இடத்துக்குக் கிழக்கே இருநூறு மீட்டர் தள்ளித் தெரியும். அதற்கு மேற்கே இருநூறு மீட்டர் விட்டு அவர் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அந்தப் புள்ளி எதன்மேல் இருக்கிறதென்பதைச் சொல்லக் கணிப்பொறி தேவையில்லை.

இராயபுரம் அலுவலகத்தில் கணக்கப்பிள்ளை எடுத்தான். "சேட்டு இல்ல சார். போட்டுக்கு என்னமோ ஆயிடிச்சாம். காலைல அஞ்சு மணிக்கே சேதி வந்துது. நீங்க யாரு பேசறது?"

ஏசுபாதம் தாம் யாரென்று சொல்லாமல் வைத்துவிட்டார்.

படகில் இருந்த மூவரில் இருவர் நீந்திக் கரையேறினார்கள்; சவுரிமுத்து ஏறவில்லை. இயந்திரம் பார்க்கும் முனிரத்தினம் கீழறையில் இருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. "ஸ்ராங்கு பாடிகினு இருந்தாரு. அப்பால மடால்னு ஒரு சத்தம்" என்பதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. மற்றொருவன் தூங்கிக்கொண்டிருந்தான். லேப்டாப்பு கடலோடு போயிற்று. உரிமமில்லாமல் கருவி வைத்திருந்த சேட்டு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "முப்பது தடவ போன வழி. காத்து இல்ல, மழ இல்ல. புத்தி தெளிவா இருக்கறவன் எவனாவது தெரிஞ்ச கப்பல்மேல கொண்டுபோய் ஏத்துவானா? அவன் குடிகாரன்னு ஊருக்கே தெரியும்."

பாடிக்கொண்டிருந்தான் என்பது அதற்குச் சாட்சியாயிற்று.

உடல் வியாழக்கிழமை ஒதுங்கியது. பெரிய வெள்ளியன்று சவுரிமுத்து வீடு வந்து சேர்ந்தான். அன்று உலகத்தில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் பூசை வைக்கும் வழக்கமில்லை. உடலை மறுநாள்வரை வைத்திருக்கவும் முடியாத நிலை. ஆகவே பூசையில்லாமல், மணியோசையில்லாமல், மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போய்ப் பல்லாவரத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பேபி அழவில்லை. "நான் சொன்னேன். குடிச்சிட்டு முட்டிக்காதேன்னேன். முட்டிகினு வந்துட்டான்" என்றாள். மண் போடும்போது, "குடிகாரனுக்கு இதுவே ஜாஸ்தி" என்றாள்.

பேபியையும் கிருபாவையும் ஏசுபாதம் தம் வீட்டின் பின்பக்கத்து அறைக்கு அழைத்துவந்தார். பேபி அந்த அறையில் புருஷன் படத்தை மாட்டவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குச் சாமியாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டபோது, "புள்ள தலமேல அடிச்ச சத்தியத்த மீறினவனுக்கு இன்னாத்துக்குப் பூச?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கிருபா அப்பாவைப் பற்றி எதைக் கேட்டாலும், அவளுக்கு ஒரே விடை கிடைத்தது. துணி துவைக்கும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும், பேபி இறந்தவனைத் திட்டுவாள். திட்டி முடித்து அண்ணனைப் பார்த்து, "நீ ஒருத்தன் இல்லன்னா எங்க கதி இன்னாண்ணா?" என்பாள். ஏசுபாதம் பாதிச் சோற்றில் எழுந்துபோவார்.

ஒருநாள் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தபீதாள் சொன்னாள்: "சொல்லி என்ன ஆகப்போகுது? போனவரு வரப்போறாரா? உங்க வேலையும் போகும், ஜெயிலுக்கும் போவீங்க. அந்தப் பொண்ணுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர். அதையும் எடுத்துடணுமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. கோழைக்கு எந்த நியாயமும் உடனே நியாயமாகத்தான் படும். ஏசுபாதம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தார். பதினொரு மாதங்கள் அவ்வாறே கழிந்தன.

தொண்ணூற்றெட்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பேபி ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணா, இன்னிக்கு லீவுதானே? சந்தை வரைக்கும் சைக்கிள்ல வெச்சித் தள்ளிக்கினு வாயேன். அந்தாளு வூட்ல வுட்டுட்டுப் போன சாமானெல்லாம் இடத்த அடச்சிகினு கெடக்குது."

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலைபோகாத பொருளென்று ஒன்றுமில்லை. பழைய இரும்பும், பாதி மின்விசிறியும், ஒற்றைச் செருப்பும், ஆட்டுக்குட்டியும் ஒரே வரிசையில் கிடக்கும். பழஞ்சாமான் வாங்கும் கிழவன் ஒருவன் சாக்கை விரித்து, பேபி அவிழ்த்த மூட்டையைக் கிளறினான். தூரநோக்கி, ரப்பர்க் காலணி, மழைச்சட்டை, கைக்கடிகாரம், இரண்டு கால்சட்டை.

"இன்னாமா, செத்துப்போனவர் சாமானா?"

"உனுக்கு அது எதுக்கு? எடுத்துக்கறியா, வேற எடம் பாக்கட்டா?"

"கோச்சிக்காதேமா. மழச்சட்ட கிழிஞ்சிகீது. தூரநோக்கிக்கு ஒரு கண்ணு தெரியல. எல்லாம் சேத்து ஒரு வெல சொல்றேன்" என்றவாறே, கிழவன் மழைச்சட்டையின் உட்பையில் கையை விட்டுத் துழாவினான். நாலாக மடித்த நோட்டுத்தாள் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்து, "இது வேஸ்ட் பேப்பரு" என்று தரையில் போட்டான்.

ஏசுபாதம் குனிந்து எடுத்தார். பதினொரு புள்ளிகளும் வரிசையாக இருந்தன. லேப்டாப்பு பழுதானால் உதவட்டும் என்று, சவுரிமுத்து திரையைப் பார்த்து அன்று சனிக்கிழமையே எழுதிக்கொண்டது. அடித்தல் திருத்தல் மிகுந்திருந்ததால், வேறு தாளில் செம்மையாக எழுதிக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் போட்டிருந்தது. கடைசி மூன்றையும் ஒரு கோட்டால் வளைத்து, பக்கத்தில் எழுதியிருந்தான்: 'மச்சான் போட்டது. நம்பி போலாம். வெள்ளிகெழம வூடு.'

"இன்னாண்ணா அது? ஏன் இப்பிடி முழிக்கறே?"

"பேபி, இதையெல்லாம் விக்காதே."

"வெச்சிகினு? குடிகாரன் சொத்த நான் பூட்டி வெக்கணுமா?"

"அவன் குடிக்கலை."

பேபி முகத்தைச் சுளித்தாள். "உனுக்கு எப்பவுமே அந்தாளுமேல ஒரு பாசம். வுடுண்ணா."

"அவன் குடிக்கலைம்மா. எனக்குத் தெரியும். அவன் முட்டினது நான் வச்ச புள்ளியில. படம் தப்பு. நகர்த்தாத படத்தைக் கொண்டுவந்து கொடுத்துட்டேன். நகர்த்தியாச்சுன்னு நெனச்சேன், பார்க்கலை. நான் போட்ட வழியில ஒரு அடி பிசகாமப் போயிருக்கான். அதனாலதான் செத்தான்."

சந்தையின் இரைச்சலுக்கிடையே அவர் மறுபடியும் மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. இரண்டு கணக்குகளையும், வெள்ளிக்கிழமை வழக்கத்தையும், தனிப்படத்தையும், பாடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். பேபிக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கவேண்டியது விளங்கிவிட்டது.

"அப்ப அவரு குடிக்கவே இல்லியா?"

"இல்லை."

"பாடிகினு இருந்தாருன்னானே முனிரத்தினம்?"

"வீட்டுக்கு வரப்போறோம்னு பாடியிருப்பான்."

பேபியின் முகத்தில் ஓராண்டாக இல்லாத ஒன்று வந்தது. அது மகிழ்ச்சி. கல்யாணமான புதிதில், சவுரிமுத்து கடலிலிருந்து திரும்பிவிட்டான் என்று யாரேனும் ஓடிவந்து சொன்னால் அவள் முகம் அப்படித்தான் ஆகும். பாய்ந்து குனிந்து, கிழவன் கையிலிருந்த கடிகாரத்தைப் பிடுங்கினாள்.

"எம்மா, எம்மா! வெல பேசிகினு இருக்கறப்பவே புடுங்கறியே!"

"குடுய்யா! என் வூட்டுக்காரரு சாமான்யா இது!"

மழைச்சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தூரநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காலணிகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். ஏசுபாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். இரயில்வே கேட்டை அடைந்தபோது அது மூடியிருந்தது. அங்கே நின்றவள் திரும்பினாள். முகம் மாறியிருந்தது.

"உனுக்கு இது எப்பத் தெரியும்ணா?"

"அன்னிக்கே. திங்கட்கிழமை காலையில."

மின்சார இரயில் ஒன்று கடந்தது.

"புள்ளி தப்பா வெச்சே. அது தப்பு, தெரியாம ஆயிடிச்சி. அத்தக்கூட நான் தாங்கிக்குவேன். கல்லறையில மண்ணப் போடற நேரத்துல நான் இன்னா சொன்னேன்? குடிகாரனுக்கு இதுவே ஜாஸ்தின்னேன். நீ பக்கத்துல நின்னுகினு இருந்தே. ஒரு வருசமா டெய்லி அவரக் காறித் துப்பினேன், புள்ளையையும் துப்ப வெச்சேன். நீ சோறு துன்னுகினு கேட்டுகினு இருந்தே. ஒரு பூச வெக்கல அவருக்கு. ஒரு மெழுகுத்திரி ஏத்தல. எல்லாம் நீ பாத்துகினே இருந்தே. எப்பிடிண்ணா முடிஞ்சிது உன்னால?"

ஏசுபாதத்துக்குத் தபீதாள் சொன்ன நியாயம் நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கி அந்த இடத்தில் வைக்க வெட்கமாயிருந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பின. பேபி அவரோடு வரவில்லை.

அந்த வாரமே அவள் கிருபாவை அழைத்துக்கொண்டு கோவளத்துக்குப் போய்விட்டாள். கிருபாவுக்கு அப்பாவைப்பற்றி அவள் என்ன சொன்னாளோ, போகும்போது அந்தக் குழந்தை தூரநோக்கியை இறக்கிவைக்க மறுத்துவிட்டது.

ஓராண்டு நினைவுப் பூசைக்கு அழைப்புத்தாள் தபாலில் வந்தது. பிறந்த வீட்டுக்காரர் நிறச்சேலை கொண்டுவந்து தோளில் போட்டால்தான் கைம்பெண்ணின் துக்கம் கழியும். அந்த முறைக்காக மட்டுமே அது வந்ததென்று ஏசுபாதத்துக்குத் தெரிந்திருந்தது. ஊதா நிறத்தில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு தபீதாளோடு போனார்.

கோவளத்துக் கோயிலில் ஆள் நிறைந்திருந்தது. சாமியார் சவுரிமுத்துவின் பெயரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுத்தபோது, பேபி முதன்முறையாக, ஊரார் எல்லாரும் கேட்க, வாய்விட்டு அழுதாள். பூசை முடிந்து வீட்டில் ஏசுபாதம் சேலையைப் பேபியின் தோளில் போட்டார். அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பந்தி விரித்தார்கள். சவுரிமுத்துவின் தமையன் வலைக்காரர். குழம்புச் சட்டியோடு வரிசையில் வந்தவர், ஏசுபாதத்தின் இலைக்கு முன்னால் நின்றார்.

"சம்மந்தி, நீங்க அந்தத் தொழில்லதான கீறீங்க? பேபி சொல்லிச்சி, தம்பி மேல தப்பு இல்லன்னு. பொட்டில இருந்த படம்தான் தப்பாமே? எந்தப் பேமானி போட்ட படம்னு உங்களால கண்டுபுடிக்க முடியாதா? ஒரு பேரு மட்டும் சொல்லுங்க."

ஏசுபாதம் பேபியைப் பார்த்தார். அவள் சோற்றுக்கூடையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். புருஷனுக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்தவள், அண்ணன் பெயரை மட்டும் மறைத்திருக்கிறாள். அவருக்கு நேராகத் தலையை மிக மெல்ல, வேண்டாம் என்று அசைத்தாள்.

வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டிருக்க, இப்போது அவளுடைய அனுமதியும் கிடைத்துவிட்டது.

"நான்தான்" என்றார் ஏசுபாதம். "நான் போட்ட படம். புள்ளியும் நான்தான் வச்சேன்."

அவர் உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பந்தி முழுவதும் கேட்டது. வலைக்காரரின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. அவர் அடிக்கவில்லை. சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கமாக இறங்கிப் போனார். ஏசுபாதத்துக்கு அடுத்து இருந்தவர் இலையை விட்டு எழுந்தார். பிறகு அவருக்கு அடுத்தவர். பெண்கள் வரிசையில் தபீதாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிறிது நேரத்தில் இருபத்தெட்டு இலைகளுக்கு நடுவே ஏசுபாதம் ஒருவரே உட்கார்ந்திருந்தார். அவரும் எழக் கையூன்றினார்.

பேபி வந்தாள். கூடையைச் சாய்த்து அவருடைய இலையில் சோறு போட்டாள். தமையன் வைத்துவிட்டுப் போன சட்டியை எடுத்து மீன்குழம்பை ஊற்றினாள்.

"துன்னு. அவரு பேர்ல ஆக்கின சோறு. எழுந்திரிக்கக் கூடாது."

ஏசுபாதம் தின்றார். பேபி எதிரே சுவரோரம் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் ஒரு பருக்கை மீதமில்லாமல் உண்டு முடித்துக் கைகழுவி வந்து, அவர் அவள்முன் நின்றார்.

"போயிட்டு வரேம்மா."

அவள் குனிந்து இலையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொற்களுக்கு எல்லாத் தங்கைமாரும் சொல்லும் விடையை அவள் சொல்லவில்லை. மடித்த இலையோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சற்று நேரம் நின்று பார்த்த ஏசுபாதம், அவள் திரும்பி வரமாட்டாள் என்பது தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.